தரையில் நடந்த வெள்ளோட்டம்

ஆவணி இருபத்திரண்டாம் நாள் காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், ஆறு நீர்நாய்கள் ஏறிய தெப்பம் ஒன்று கழிமுகத்தில் உடைந்தது. ஐந்து பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். தெப்பத்தை நடத்திய தண்டலின் பெயர் காத்தாயி.

ஆறாவது ஆள், சடையன் என்ற துடுப்புக்காரன். நீர்நாய்க்கு நீச்சல் தெரியாமல் இல்லை. உடைந்த கட்டை ஒன்று அலையில் திரும்பி அவன் நெஞ்சில் அடித்துவிட்டது. நண்பகலில் அவனைத் தூக்கி வந்து கரையில் கிடத்தினார்கள். காத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து அவன் மீசையில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மணல் வந்தது. கழிமுகத்தின் நடுவில் இவ்வளவு மணலுக்கு வேலை இல்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அலையாத்திக் காட்டு விலங்குகள் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் ஆற்று வெள்ளம் காட்டுக்குள் புகுந்துவிடும். தை பிறக்கும்வரை உப்பங்கழியில் மீன் நிற்காது. நண்டுகள் வளையை விட்டு வெளியே வராது. அந்த மாதங்களுக்கான சாப்பாடு நடுக்கடலில் உள்ள சிப்பித்தீவிலிருந்துதான் வர வேண்டும். அதனால் ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன்னால், காட்டின் தெப்பங்கள் எல்லாம் ஒன்றாகப் புறப்படும். முள்முருங்கைக் கட்டைகளைத் தாழைநார்க் கயிற்றால் பிணைத்த தெப்பங்கள் அவை. துடுப்புப் போடுவது நீர்நாய்கள். கொண்டுவரும் சிப்பியிலும் உலர்ந்த பாசியிலும் காட்டில் எல்லாருக்கும் பங்கு உண்டு.

இந்தப் பயணத்தை நடத்துவது கடல் வாரியம். அது ஏற்பட்ட விதத்தைச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் முறை.

நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பு வாரியம் என்று ஒன்று கிடையாது. அவரவர் தெப்பம், அவரவர் வழி. ஒருவன் விடியலில் கிளம்புவான். ஒருத்தி உச்சிவெயிலில் கிளம்புவாள். ஒருவர் கயிறு இன்னொருவர் துடுப்பில் சிக்கும். ஒரு புரட்டாசியில், ஒரே நாளில், கழிமுகத்திலேயே பத்தொன்பது தெப்பங்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. அந்த மழைக்காலத்தில் காடு பாதியாயிற்று.

மிஞ்சிய ஏழு தண்டல்கள் ஒரு சுரபுன்னை மரத்தடியில் கூடினார்கள். ஏழு பேரும் தெப்பத்தைப் பறிகொடுத்தவர்கள். எங்கே போயிற்று, ஏன் போயிற்று என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சொன்னதெல்லாம் விதியாயிற்று. ஆழம் பார்த்து வழியின் இருபுறமும் மூங்கில் கழி நட வேண்டும். எல்லாத் தெப்பமும் கழிகளுக்கு நடுவே, ஒன்றன்பின் ஒன்றாக, நீர் வற்றும் நேரத்தில் போக வேண்டும். வற்றும் நீரே தெப்பத்தைக் கடலுக்கு இழுத்துக்கொள்ளும். எல்லாரும் புறப்படுவதற்கு முன்னால் வாரியத்தார் தாமே ஒரு தெப்பத்தில் ஏறி அந்த வழியைக் கடந்து பார்க்க வேண்டும். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர்.

அதன்பின் கழிமுகத்தில் ஒரு தெப்பமும் உடையவில்லை. வாரியம் காட்டைக் காப்பாற்றியது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை.

பத்தாவது விதி பிறகு வந்தது. கவனக்குறைவால் நாலு தெப்பத்தைத் தொலைத்த ஒருவன் மாமனார் செல்வாக்கில் வாரியத்துக்குள் நுழைந்துவிட்டான். அவனை வெளியேற்ற ஒரு விதி எழுதினார்கள்: ‘தெப்பம் இழந்தவர் வாரியத்தில் அமரக் கூடாது, அவர் சொல்லும் வாரியத்தில் ஏறாது.’ முதல் ஏழு பேருக்கு மட்டும் விலக்கு. நல்ல விதிதான். அந்த ஆள் வெளியே போனான். விதி உள்ளேயே தங்கிவிட்டது.

ஏழு பேரும் ஒவ்வொருவராகக் காலமானார்கள். அவர்கள் இடத்துக்குத் தெப்பம் இழக்காதவர்களைத் தேடினார்கள். பல காலம் கடலில் போய்வந்தவர் எங்காவது ஒரு பாறையிலோ சுழலிலோ ஒரு தெப்பத்தையாவது விட்டிருப்பார். எதையும் விடாதவர் வேண்டுமென்றால் கரையில்தான் தேட வேண்டியிருந்தது.

நாற்பத்தோராம் ஆண்டில் வாரியத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் பெரியநாயகம், கட்டாந்தரையில் வாழும் ஆமை. அடுத்தவர் ராயப்பன், பெருச்சாளி. மூன்றாமவர் உலகளந்தான், நத்தை. மூவரும் ஒரு தெப்பத்தையும் இழந்ததில்லை. மூவரும் ஒரு தெப்பத்திலும் கடலுக்குப் போனதில்லை.

வாரியத்தின் எழுத்தர் தணிகாசலம் என்ற கொக்கு. ஆவணிதோறும் ஆழம் பார்ப்பது அவர் பொறுப்பு. துறையில் தம் கால் எட்டுகிற இடத்தில் இறங்கி நிற்பார். ‘ஆழம் மூன்று பாகம், சென்ற ஆண்டு போலவே’ என்று ஏட்டில் எழுதுவார். பாகம் என்பது மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரு நீர்நாயின் நீளம். வெள்ளோட்டமும் தவறாமல் நடந்தது. வாரியத்தார் உட்கார்ந்த தெப்பத்தைக் கடற்கரை மணலில் மூன்று சுற்று இழுத்து, தாழம்பூ சூட்டி, பத்திரமாக இறக்கிவிடுவார்கள். முப்பது ஆண்டுகளாக அப்படித்தான். யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

தெப்பம் உடைந்த மூன்றாம் நாள் காத்தாயியை விசாரணைக்கு அழைத்தார்கள். தீவில் இந்த ஆண்டு விளைச்சல் எப்படி என்று பார்த்துவர வாரியமே அனுப்பிய தெப்பம் அது.

“கழிகளுக்கு நடுவேதான் போனாயா?” என்று பெரியநாயகம் கேட்டார்.

“நடுவேதான் போனேன், தலைவரே.”

“நடுவே ஆழம் மூன்று பாகம். மூன்று பாகம் தண்ணீரில் தெப்பம் தரை தட்டாது.”

“மூணு பாகம் இருந்தா தட்டாது. அங்க அரைப் பாகம்கூட இல்ல. போன கார்த்திகை வெள்ளம் மணலக் கொண்டாந்து நடுவுல குமிச்சிருக்கு. வழி வடக்கே, தாழங்காட்டுப் பக்கம் திரும்பிடுச்சு. நான் நீந்திப் பாத்துட்டேன்.”

தணிகாசலம் ஒற்றைக் காலில் நின்றபடி ஏட்டைப் புரட்டினார். “ஆவணி ஐந்து. ஆழம் மூன்று பாகம். நான் போட்ட குறி இருக்கிறது.”

“எங்க நின்னு பாத்தீங்க?”

“துறையில்.”

“துறையில பாத்தா நடுவுல எப்படி இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“நடுவில் நான் எப்படி நிற்பது?” என்றார் தணிகாசலம். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

ராயப்பன் மீசையை நீவிக்கொண்டார். “நடுவே போயிருந்தால் உடைந்திருக்காது. உடைந்திருக்கிறது. ஆகவே இந்தம்மா நடுவே போகவில்லை. இதற்கு மேல் என்ன விசாரணை?”

பெரியநாயகம் ஏட்டிலிருந்த குறியைக் குனிந்து பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. ஏட்டில் எழுதியிருப்பதை நம்புகிறவர், அவ்வளவுதான்.

“காத்தாயி, நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்தாவது விதி இருக்கிறது. இன்றைக்கு நீ வடக்கே என்கிறாய். நாளைக்கு இன்னொருவர் தெப்பத்தை உடைத்துக்கொண்டு வந்து தெற்கே என்பார். யார் பேச்சைக் கேட்பது?”

“இடறி விழுந்தவளுக்குத்தானே, தலைவரே, கல்லு எங்க கெடக்குன்னு தெரியும்? விழாதவங்களக் கேட்டா என்ன சொல்லுவாங்க?”

தெப்பம் நடத்த அவளுக்குக் கொடுத்திருந்த தண்டல் ஓலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். புரட்டாசி பதினொன்றாம் நாள் மிச்சமுள்ள முப்பத்தேழு தெப்பங்களும் பழைய வழியிலேயே புறப்படும் என்றும், காத்தாயியின் தம்பி வேலாண்டி முன்னால் போவான் என்றும் தீர்மானமாயிற்று. எல்லாரும் எழுந்து கலைந்து பாதி தூரம் போன பிறகு, “அதே” என்றார் உலகளந்தான். ராயப்பன் சொன்னதற்கு அவருடைய ஆமோதிப்பு அது.

வேலாண்டி துறையில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். காத்தாயி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு நீ வடக்கே திரும்பணும், வேலாண்டி.”

“நீ சொல்றத நான் நம்புறேனா இல்லையாங்கறது இங்க பேச்சில்ல, அக்கா.” அவன் நிமிரவில்லை. “நான் வடக்கே திரும்புனா பின்னாடி வர்றவங்கள்ல பாதிப் பேரு என்னப் பாத்துத் திரும்புவாங்க. பாதிப் பேரு கழியப் பாத்து நேரா போவாங்க. நடுவுல மோதிக்குவாங்க. தாத்தா அப்படித்தானே போனாரு?”

காத்தாயியும் மூன்று நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாரியம் சொல்கிற வழியில் போனால் மணல். வாரியத்தை மீறிப் போனால் மோதல். இரண்டிலும் சாகப் போவது இருநூற்றிருபத்திரண்டு நீர்நாய்கள். பட்டினி கிடக்கப் போவது காடு. எல்லாருக்கும் முன்னால் நிற்கப் போவது இவன்.

“இதெல்லாம் சரி. வாரியத்துல உனக்கு ஒரு இடம் வேணும். அதையும் சேத்துச் சொல்லு.”

“வேணும்தான். பன்னெண்டு வருஷமா ஒரு தெப்பத்த விடல. ஆசப்பட்டா என்ன தப்பு?”

“பன்னெண்டு வருஷமும் உனக்கு முன்னாடி போயி பாறையத் தேடிக் குடுத்தவ நான்டா.”

வேலாண்டி சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கழிமுகத்தைப் பார்த்தான். அங்கே அலை நடுவழியிலேயே வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஆழமான இடத்தில் அலை அப்படி உடையாது. அது அவனுக்கும் தெரியும்.

“துடுப்புக்காரங்க பயப்படுறாங்க, அக்கா. சடையன் பொண்டாட்டி வீட்டுக்கு வீடு போயிட்டு வந்திருக்கா. ‘வழி சரின்னு தெரியாம ஏற மாட்டோம்’னு காலையில வந்து சொல்லிட்டுப் போனாங்க. வாரியத்துக்கு இன்னும் சேதி போகல.”

“அப்ப நீயே போயி சொல்லு. என் பேச்சு அங்க ஏறாது. உன் பேச்சு ஏறும். இந்த வருஷம் வெள்ளோட்டத்தத் தண்ணியில நடத்தச் சொல்லு. வாரியத்தார் ஒரு தடவ கடந்து காட்டிட்டா எல்லாரும் ஏறிடுவாங்கன்னு சொல்லு.”

“யார் நடத்துறது அந்தத் தெப்பத்த?”

“நீதான். கழிக்கு நடுவே, ஒரு முழம்கூட விலகாம.”

“தட்டிடுச்சுன்னா நானும் தெப்பம் இழந்தவன் ஆயிடுவேனே.”

“தட்டாதுன்னுதானே வாரியம் சொல்லுது?”

வேலாண்டி முறுக்கிய கயிற்றின் முனையில் முடிச்சுப் போட்டான். அது பிரியாது என்று இழுத்துப் பார்த்தான். எழுந்து சுரபுன்னை மரத்தை நோக்கிப் போனான்.

துடுப்புக்காரர்கள் ஏற மறுப்பதையும் வெள்ளோட்ட யோசனையையும் வேலாண்டி எடுத்துச் சொன்னதும், வாரியத்தில் முதலில் எதிர்த்தவர் ராயப்பன்.

“தண்ணீரிலா? மரபு என்று ஒன்று இருக்கிறதல்லவா? முப்பது ஆண்டுகளாக மணலில்தான் நடக்கிறது. மணலில் என்ன குறை கண்டீர்கள்?”

“குறையொண்ணும் இல்லீங்க,” என்றான் வேலாண்டி. “ பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா விதியில வழியக் கடந்து பாக்கணும்னு இருக்கறதா சொல்றாங்க.”

தணிகாசலம் ஏட்டைப் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார். மறுபடியும் பார்த்தார். “மணல் என்று எங்கேயும் எழுதவில்லை, தலைவரே.”

“எனக்கு நாலு நாளாகச் சளி,” என்றார் ராயப்பன்.

பெரியநாயகம் கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். யோசிக்கும்போது அது அவர் வழக்கம். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

“மூன்று பாகம் என்று எழுதிய பக்கத்தில் என் குறியும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் முப்பத்தேழு தெப்பத்தை அனுப்பலாம், என்னை மட்டும் அனுப்பக் கூடாது என்றால் அதற்கு என்ன பெயர்? போவோம். மூவரும் போவோம். எழுத்தரும் வருவார்.”

“சளி இருக்கும்போது கடற்காற்று ஆகாது...”

“அதே,” என்றார் உலகளந்தான். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. தலைவருக்குச் சொன்னதாக எழுத்தர் குறித்துக்கொண்டார்.

புரட்டாசி எட்டாம் நாள் காலை, நீர் வற்றத் தொடங்கியதும் காடே கரைக்கு வந்துவிட்டது. இந்த முறை தெப்பத்தை மணலில் வைக்கவில்லை. தண்ணீரில் மிதக்க விட்டிருந்தார்கள். பெரியநாயகம் அதைப் பார்த்தபடி நின்றார். அவர் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு தெப்பம் அவர் கண்முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

காத்தாயி நாலு சுரைக்குடுக்கைகளைக் கொடியில் கோத்துக்கொண்டு வந்தாள்.

“இது எதற்கு?” என்று கேட்டார் பெரியநாயகம்.

“காய்ஞ்ச சுரக்காய், தலைவரே. கட்டிக்கிட்டா ஆளு முங்காது.”

“நான் முங்குவேன் என்று யார் சொன்னது?”

“முங்கலேன்னா எனக்குச் சந்தோஷம்தான். திரும்பி வந்ததும் கழட்டிக் குடுத்துடுங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஏளனம் இல்லை. பெரியநாயகம் மெல்லக் கழுத்தை நீட்டிக் கொடுத்தார். காத்தாயி ஓட்டைச் சுற்றிக் கொடியை இறுக்கிக் கட்டினாள். ராயப்பன் தமக்கு இரண்டு குடுக்கை வேண்டும் என்றார். எழுத்தர் தமக்கு இறக்கை இருப்பதை நினைவூட்டினார். அவருடைய குடுக்கையும் ராயப்பனுக்குப் போயிற்று.

ஆறு துடுப்புக்காரர்கள் தள்ளினார்கள். வேலாண்டி பின்னால் நின்று நடத்தினான். காத்தாயிக்கு ஓலை இல்லாததால் தெப்பத்தில் இடம் இல்லை. அன்று அவளோடு பிழைத்த நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு அவள் தெப்பத்தின் இருபுறமும் நீந்தி வந்தாள்.

கழிகளுக்கு நடுவே தெப்பம் போயிற்று. ஒரு முழம்கூட விலகவில்லை.

“பார்த்தாயா,” என்றார் ராயப்பன். “நான்தான் அப்போதே...”

அடியில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. எழுத்தர் ஏட்டோடு பறந்துவிட்டார். தெப்பத்தின் மூக்கு மணலில் குத்தி நின்றது. பின்னாலிருந்து தள்ளிய வற்றுநீர் அதன் வாலைத் திருப்பியது, எதிரே வந்த அலை பக்கவாட்டில் அடித்தது. தாழைநார் ஒவ்வொன்றாக அறுந்தது. “கட்டையைப் பிடிக்காதே, விலகு!” என்று வேலாண்டி கத்தினான். கட்டைகள் நாலு பக்கமும் பிரிந்தன.

நீர்நாய்கள் தங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். ராயப்பன் தம்மைத் தூக்கியவனின் காதைக் கடித்தபடி கரை சேர்ந்தார். உலகளந்தான் ஒரு கட்டையில் ஒட்டிக்கொண்டு, மிக நிதானமாக, எல்லாருக்கும் பிறகு வந்து சேர்ந்தார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

பெரியநாயகம் மல்லாந்து மிதந்தார். வானம் மட்டும் தெரிந்தது. காத்தாயி அவரைப் புரட்டிப் போட்டாள். கரைக்கு இழுத்துப் போகாமல், பத்து கை தூரம் தள்ளிக்கொண்டு போய், “கால ஊனுங்க, தலைவரே,” என்றாள்.

அவர் காலை ஊன்றினார். மணல் தட்டுப்பட்டது. நிமிர்ந்து நின்றார். தண்ணீர் வயிற்றைத்தான் தொட்டது.

கரையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். மூன்று பாகம் ஆழம் என்று ஏட்டில் இருந்த இடத்தில், இருபுறமும் மூங்கில் கழிகள் நிற்க, கடல் வாரியத்தின் தலைவர் நடந்துகொண்டிருந்தார். இங்கே நாலு அடி, அங்கே நாலு அடி. யாரும் சிரிக்கவில்லை.

“காத்தாயி.”

“சொல்லுங்க.”

“சடையன் இங்கேதானா?”

“இங்கதான். நீங்க நிக்கிற இடத்துலேர்ந்து ஒரு துடுப்பு தூரம்.”

பெரியநாயகம் அந்தப் பக்கம் பார்த்தார். ஓர் அலை வந்து போயிற்று. இன்னொன்று வந்தது. “போகலாம்,” என்றார்.

கரையில் தணிகாசலம் ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு விதி என்றால் விதி.

“சொல்ல வேண்டியது என் கடமை. வாரியத்தார் ஏறிய தெப்பம் உடைந்துவிட்டது. ஆகவே மூவரும் தெப்பம் இழந்தவர்கள். பத்தாவது விதிப்படி மூவரும் அமர முடியாது. இந்த நேரத்திலிருந்து வாரியம் என்று ஒன்று இல்லை.”

துடுப்புக்காரர்கள் நடுவிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். “நல்லதாப் போச்சு. ஒழிஞ்சுது சனியன். இனிமே அவனவன் வழிய அவனவன் பாத்துக்குவான்.”

“ஆமா, கழியப் புடுங்கி எறிங்கடா.”

ராயப்பன் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, தமக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை என்று அறிவித்தார்.

காத்தாயியின் ஓலையைப் பறித்த வாரியம் போய்விட்டது. சடையனைக் கொன்ற ஏடு பொய்யாகிப் போயிற்று. வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனால் போதும். அவளைக் குறை சொல்ல யாரும் இல்லை. ஆனால் இன்னும் மூன்று நாளில் தெப்பங்கள் புறப்பட வேண்டும். கூட்டத்தில் வேலாண்டி தனியாக நிற்பதைப் பார்த்தாள்.

“புடுங்கி எறிஞ்சுட்டு?” என்று கேட்டாள். “எறிஞ்சுட்டு எந்த வழியாப் போவீங்க? யாரு முன்னாடி, யாரு பின்னாடி? பத்தொன்பது தெப்பம் போனப்ப வாரியம் இல்ல. அப்ப யாரத் திட்டுறதுன்னுகூட ஆளில்லாம செத்தாங்க. கழி இருக்கறது தப்பில்ல, தப்பான எடத்துல இருக்கறதுதான் தப்பு. அதப் புடுங்கி வடக்கே நடணும். நடச் சொல்ல ஒருத்தர் வேணும். எல்லாரும் கேக்கற மாதிரி ஒருத்தர்.”

“அது நீயே இருந்துட்டுப் போ,” என்றான் குரல் கொடுத்தவன்.

“நான் ஒருத்தி சொன்னா நாலு பேரு கேப்பாங்க. வாரியம் சொன்னா எல்லாரும் கேப்பாங்க.” அவள் ஆமையின் பக்கம் திரும்பினாள். “நீங்க இருக்கணும், தலைவரே.”

“எனக்குக் கடல் தெரியாது, அம்மா.”

“நேத்து வரைக்கும் தெரியாது. இன்னிக்கு ஒரு எடம் தெரியும். முதல்ல வாரியம் போட்ட ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு எடம்தான் தெரிஞ்சிருந்துச்சு.”

பெரியநாயகம் கழுத்தை உள்ளே இழுக்கவில்லை. இந்த முறை வெளியிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

“தணிகாசலம், பத்தாவது விதியை அடித்துவிடு. வாரியம் இல்லை என்றால் அடிக்க எனக்கு அதிகாரம் இல்லைதான். இங்கே நிற்கிற எல்லாரும் அடிக்கச் சொல்கிறார்களா என்று கேள். சொன்னால் அடி.”

எல்லாரும் சொன்னார்கள். எழுத்தர் அடித்தார். பழைய மூவரோடு காத்தாயியும் வேலாண்டியும் வாரியத்தில் உட்கார்ந்தார்கள்.

“பன்னெண்டு வருஷம் ஒழுங்கா இருந்தப்ப கிடைக்கல,” என்றான் வேலாண்டி. “இன்னிக்கு உடைச்சேன், உடனே கிடைச்சிடுச்சு.”

“இன்னொண்ணு உடைச்சுத் தலைவர் ஆயிடாதே,” என்றாள் காத்தாயி.

இரண்டு நாள் வேலை நடந்தது. காத்தாயி தாழங்காட்டுப் பக்கம் முங்கி முங்கிக் கயிற்றில் கல் கட்டி ஆழம் பார்த்தாள். நாலு பாகம் இருந்தது. தணிகாசலத்தை மேலே பறந்து பார்க்கச் சொன்னார்கள். மணல் இருக்கிற இடம் வெளிர் பச்சை, ஆழமான இடம் கருநீலம் என்று அவர் திரும்பி வந்து சொன்னார். இறக்கை எப்போதும் இருந்தது. அதற்கு யாரும் இதுவரை வேலை கொடுத்ததில்லை. கழிகளைப் பிடுங்கி வடக்கே நட்டார்கள். பெரியநாயகம் மறுபடியும் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு தெப்பத்தில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, புதுவழியைக் கடந்து திரும்பினார்.

புரட்டாசி பதினொன்றாம் நாள் மிஞ்சிய முப்பத்தாறு தெப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கழிமுகத்தில் ஒன்றும் தட்டவில்லை. ஐப்பசி பிறப்பதற்கு முன்பு முப்பத்தைந்து திரும்பி வந்தன. ஒன்று சிப்பித்தீவின் தென்முனைப் பாறையில் மோதி உடைந்துவிட்டது. ஆட்கள் மற்ற தெப்பங்களில் ஏறி வந்தார்கள். அந்த மழைக்காலத்தில் காட்டில் பட்டினி இல்லை.

உடைந்த தெப்பத்தின் தண்டல் செம்பாயி என்ற நீர்நாய். அவள் துறையில் இறங்கியதும் ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வாரியத்தின் முன்னால் வந்து நின்றாள்.

“ஓலையை வைத்துக்கொள்,” என்றார் பெரியநாயகம். “உட்கார். எந்த இடம், நீர் எந்தப் பக்கம் இழுத்தது, நீ என்ன செய்தாய், என்ன செய்திருக்கலாம். மறைக்காமல் சொல். எழுத்தர் எழுதுவார்.”

அவள் சொன்னாள். பாதியில் அழுதாள். பிறகு மீதியையும் சொன்னாள். அவள் சொல்லி முடித்து, எழுத்தர் எழுதி முடித்து, எல்லாரும் எழுந்த பிறகு, உலகளந்தான், “இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள், அந்த நீரோட்டம் எனக்குச் சரியாகப் புரியவில்லை,” என்றார்.

கடல் வாரியத்தின் நாற்பத்து மூன்றாம் ஆண்டு, மாசி நான்காம் நாள், செம்பாயி வாரியத்தின் ஆறாவது உறுப்பினராகச் சேர்ந்தாள். இடறி விழுந்தவர் சொல்லைக் கேட்காத அதிகாரம் எத்தனை நல்ல நோக்கத்தோடு ஏற்பட்டிருந்தாலும் தான் காக்க வந்தவர்களையே ஆபத்தில் தள்ளும் என்ற வரி அன்று ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டது.